அர்ச்சுனன் தபசு முழுப் பாறையும் ஒரே படமாக: ஒட்டினால் நாகம் இரட்டையாகிறது, பாறை வயிறு தள்ளுகிறது

கற்சுவர் கேட்டது:

வணக்கம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே படமாக்கி ஆறடி அகலத்தில் அச்சிட வேண்டும்.

கேமரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார், லென்ஸ் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட். ட்ரைபாட் இல்லை. 18-இல் வைத்து, கேமராவைப் படுக்கை வசத்தில் பிடித்து, ஆட்டோ எக்ஸ்போஷரில் ஐந்து ஷாட். முதல் மூன்றும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. கடைசி இரண்டும் வலப்பக்க யானைகள் சரியாக விழ வேண்டும் என்று ரெண்டு எட்டு தள்ளி நின்று எடுத்தவை.

படங்களை ஒட்டும் மென்பொருளான ஹ்யூகினில், எல்லாவற்றையும் தானே செய்யும் அசிஸ்டென்ட்டை ஓடவிட்டேன். வந்த கோளாறுகள்:

நடுப் பிளவில் இருக்கும் நாகத்துக்கு இரண்டு விளிம்பு. முன்னால் உள்ள கம்பிவேலி துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. பாறை நடுவில் வயிறு தள்ளி, இரண்டு ஓரமும் சுருங்கி, பீப்பாய் மாதிரி நிற்கிறது. மேலே வானத்தில் செங்குத்தாக வெளிச்சப் பட்டைகள். கன்ட்ரோல் பாயின்ட் (இரண்டு படத்திலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளி) பிழை சராசரி 14 பிக்சல், அதிகபட்சம் 90.

பனோரமா ஹெட் வாங்கினால்தான் தீருமா? அதன் விலையைப் பார்த்தால் கேமராவே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

---

தூக்குக்குண்டு பதில்:

வாங்க வேண்டாம். "யானைக்காக ரெண்டு எட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறில் பாதி அங்கே இருக்கிறது.

பல படத்தை ஒன்றாக்க இரண்டு வழி. ஒன்று, நின்ற இடத்தில் நின்று திரும்பி எடுப்பது. மற்றொன்று, சுவருக்கு இணையாக நடந்துகொண்டே எடுப்பது. முதல் வழியில் மென்பொருள் கேமராவின் கோணத்தை மட்டும் கணக்கிடும். இடம் மாறவே இல்லை என்று நம்பி வேலை செய்யும். நீங்கள் மூன்று படத்தை முதல் வழியிலும் இரண்டை இரண்டாம் வழியிலும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதல் வழிக் கணக்கில் ஒட்டச் சொல்லியிருக்கிறீர்கள்.

எவ்வளவு பிசகும் என்று கணக்கு போட்டுப் பார்க்கலாம். உங்கள் சென்சார் ஏறத்தாழ 23.5 x 15.6 மி.மீ., 6000 x 4000 பிக்சல். 18 மி.மீ. லென்ஸில் குவியத்தூரம் பிக்சல் கணக்கில் சுமார் 4615. பாறையிலிருந்து 15 மீட்டரில் நிற்கிறீர்கள், பிளவு ஒரு மீட்டர் உள்வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு எட்டு என்றால் ஒன்றரை மீட்டர். பாறை முகத்துக்கும் பிளவின் உள்சுவருக்கும் இடையே விழும் நகர்வு 4615 x 1.5 x (1/15 − 1/16), அதாவது கிட்டத்தட்ட 29 பிக்சல். உங்கள் நாகத்தின் இரட்டை விளிம்பு இதுதான். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது, ஒட்டு விழும் இடத்தை மாற்றி மறைக்க மட்டும் முடியும்.

இப்போது நின்ற இடத்திலேயே திரும்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு துளை தெரிகிறதல்லவா, அந்தத் துளை தெரியும் இடம்தான் சுழற்சிக்கு மையமாக இருக்க வேண்டும். பனோரமா ஹெட் செய்யும் வேலை அவ்வளவுதான். கையில் பிடித்துத் திரும்பும்போது நாம் நம் முதுகெலும்பைச் சுற்றித் திரும்புகிறோம். லென்ஸ் அதற்கு ஒரு 30 செ.மீ. முன்னால் இருக்கும். 25 டிகிரி திரும்பினால் லென்ஸ் 13 செ.மீ. நகர்ந்துவிடும். அந்த 13 செ.மீ.க்கு நாகத்தில் வரும் பிசகு 2.5 பிக்சல்தான். ஆனால் 5 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பிவேலியில் அது 80 பிக்சல். வேலி துண்டானதற்கு இதுவே காரணம்.

ஆக, பாறைக்கு ஹெட் தேவையில்லை. வேலிக்குத்தான் தேவை, அதையும் மலிவான சரக்கால் சமாளிக்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. லென்ஸ் குழலில், அந்தத் துளை இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அதில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு நாணயம். குண்டு நாணயத்துக்கு ஒரு விரல்கடை மேலே நிற்கும்படி நூலின் நீளத்தை வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நீங்கள்தான் நாணயத்தைச் சுற்றி நடக்க வேண்டும், லென்ஸ் நகரக் கூடாது. பழகினால் 5 செ.மீ.க்குள் நிற்கும். அப்போது நாகத்தில் 1 பிக்சல், வேலியில் 30 பிக்சல். நூல் உங்கள் உயரத்தையும் ஒரே அளவில் வைத்துவிடும், அது கூடுதல் லாபம். ட்ரைபாட் இங்கே எப்படியும் சிக்கல். தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் நிறுத்த விடமாட்டார்கள்.

துளை எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரில் ஒரு குச்சி, பத்து மீட்டரில் ஒரு குச்சி, இரண்டும் ஒரே கோட்டில். கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது கிட்டக் குச்சி தூரக் குச்சிக்கு இடப்பக்கம் ஒதுங்கினால் துளை சுழற்சி மையத்துக்கு முன்னால் இருக்கிறது; கேமராவைப் பின்னால் தள்ளுங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் முன்னால் தள்ளுங்கள். ஜூம் மாற்றினால் இடமும் மாறும், 18-க்குப் பார்த்தது 35-க்கு ஒத்துவராது.

எடுக்கும் முறை: பிளவுக்கு நேர் எதிரே, 15 மீட்டரில். பாறை ஏறத்தாழ 30 மீட்டர் அகலம், அதனால் பக்கத்துக்கு 45 டிகிரி, மொத்தம் 90. கேமராவை நெட்டுவசமாகப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் ஒரு ஷாட்டின் அகலம் 47 டிகிரி, உயரம் 66 டிகிரி. 25 டிகிரிக்கு ஒன்றாக நான்கு ஷாட் போதும். 122 டிகிரி கிடைக்கும், ஓரத்தில் வெட்ட இடம் இருக்கும், ஓவர்லாப் (அடுத்தடுத்த இரண்டு ஷாட்டிலும் பொதுவாக விழும் பகுதி) பாதிக்குச் சற்றுக் குறைவு. கேமராவை மட்டமாக வைத்தாலே நடுவில் தரையிலிருந்து சுமார் 11 மீட்டர் உயரம் வரை விழும். அது போதவில்லையென்றால் நான்கையும் ஒரே அளவுக்கு மேல்நோக்கிச் சாய்த்து எடுக்கலாம், பின்னால் நேராக்கிவிடலாம்.

எக்ஸ்போஷர் மேனுவல். காலை வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/320-இல் தொடங்கி, பாறையின் வெளுத்த பகுதி வெறும் வெள்ளையாகிவிடாமல் பார்த்துப் பூட்டிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸ் டேலைட்டில். பாறையில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். அது ஷாட்டுக்கு ஷாட் பிம்பத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும். போலரைசர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள், வானத்தில் பட்டை விழ அதைவிட நல்ல வழி கிடையாது.

பாறை கிழக்கு பார்த்தது. அதிகாலையில் வெயில் நேர் எதிரே அடிப்பதால் சிற்பம் தட்டையாகத் தெரியும். வெயில் கொஞ்சம் மேலே ஏறினால் ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே நிழல் விழுந்து புடைப்பு எழும். மதியத்துக்கு மேல் முழுக்க நிழல்.

---

ஒட்டுக்காரன் பதில்:

மேலே சொன்னது எடுக்கிற வேலை. ஹ்யூகின்ல செய்யறது இது.

முதல்ல அந்த வயிறு. அது எடுத்ததுல வந்த தப்பு இல்ல, ப்ரொஜெக்ஷன் தப்பு, அதாவது சுத்தி எடுத்ததைத் தட்டைப் படமா விரிக்கிற முறையில வந்தது. சுவருக்கு எதிர்ல நின்னா நடு 15 மீட்டர்ல இருக்கு, ஓரம் 21 மீட்டர்ல இருக்கு. சிலிண்ட்ரிக்கல்ல (உருளை மேல பதிச்சு விரிக்கிற முறை) போட்டா தூரமா இருக்கிற ஓரம் சின்னதாத்தான் வரும். நேர்கோட்டை நேர்கோடாவே வைக்கிற ரெக்டிலீனியர் போடுங்க, பாறை தட்டையா நிமிர்ந்துடும். 90 டிகிரிக்கு அது தாங்கும். 110, 120-ஐத் தாண்டினா ஓரம் இழுபடும். லைட்ரூம்ல செய்யறவங்களுக்கு அதே சங்கதி பெர்ஸ்பெக்டிவ்ங்கிற பேர்ல இருக்கு. அங்க பவுண்டரி ராப் பட்டையைத் தொடாதீங்க, ஓரத்தை நிரப்புறேன்னு பாறையையே வளைச்சுடும்.

ஒரு விஷயம் ஏத்துக்கணும். ரெக்டிலீனியர்ல அளவு சரியா வரும், ஆனா நுணுக்கம் ஓரத்துல குறையும். 45 டிகிரி ஓரத்துல அகலவாட்டு நுணுக்கம் நடுவுல இருக்கிறதுல பாதிதான். யானை மாதிரி பாறையை விட்டு வெளிய புடைச்சு நிக்கிறதைப் பக்கவாட்டுல பார்த்த மாதிரிதான் இருக்கும். அது நின்ன இடத்தோட விளைவு, மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

இப்ப வரிசையா.

இன்டர்ஃபேஸ் மெனுவுல எக்ஸ்பெர்ட் போடுங்க. அசிஸ்டென்ட்டை மறந்துடுங்க. படத்தை ஏத்தினதும் லென்ஸ் விவரம் தானா வரணும். குவியத்தூரம் கேட்டா படத்துல எக்ஸிஃப் (கேமரா படத்தோட பதியிற விவரம்) இல்லைன்னு அர்த்தம், பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியா வந்த படமா இருக்கும். அளவும் சுருங்கியிருக்கும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லி மறுபடி வாங்குங்க.

கன்ட்ரோல் பாயின்ட்டைத் தானா தேடுற சிபிஃபைண்டை ஓடவிடுங்க. அது கன்ட்ரோல் பாயின்ட்டை எங்க வேணா குத்தும்: வேலியில, ஆள் சட்டையில, மேகத்துல. மேகத்துக்கு செலெஸ்ட் இருக்கு, வானத்துல இருக்கிற புள்ளிகளைப் பொறுக்கி எடுத்துடும். வேலியும் ஆளும் உங்க கைவேலை. ஜோடி ஜோடியா திறந்து பார்த்து அழிங்க. ஜோடிக்கு 10, 15 புள்ளி போதும், ஆனா ஓவர்லாப் முழுக்கப் பரவியிருக்கணும். எல்லாம் ஒரு மூலையில குவிஞ்சிருந்தா பிழை எண் அழகா வரும், படம் முறுக்கிட்டு வரும்.

அப்புறம் ஆப்டிமைஸ். முதல்ல பொசிஷன்ஸ் (கேமரா திரும்பின கோணம்) மட்டும். பிழையைப் பாருங்க. பிறகு வியூவும் (லென்ஸோட பார்வைக் கோணம்) பேரலும் (பீப்பாய் வளைவு) சேர்த்துக்கங்க. கிட் லென்ஸ் 18-இல் பீப்பாய் வளைவு உண்டு, அதுக்கு வளைவுத் திருத்த எண்கள்ல பி ஒண்ணு போதும். நாலே படத்துக்கு ஏ, பி, சி எல்லாத்தையும் அவிழ்த்து விட்டா கணக்கு எங்கயோ போயிடும். எஃப்3 அழுத்தினா புள்ளிப் பட்டியல் வரும், தூரத்துப்படி அடுக்கி மேல இருக்கிற மோசமானதைப் படத்துல போய்ப் பாருங்க. கண்ணை மூடிட்டு அழிக்காதீங்க. புள்ளி சரியா இருந்து பிழை பெருசா இருந்தா அங்க நிஜமாவே நகர்வு இருக்குன்னு அர்த்தம். கையில எடுத்ததுக்கு சராசரி 1, 2 பிக்சல், அதிகபட்சம் 5-க்குள்ள வந்தா போதும்.

நேராக்க: வேலி வேண்டாம்னு சொன்னேன், ஆனா வேலித் தூண் வேணும். கன்ட்ரோல் பாயின்ட் தாவல்ல ஒரே படத்தை ரெண்டு பக்கமும் வச்சு, தூணோட மேல் நுனியில ஒரு புள்ளி, கீழ் நுனியில ஒரு புள்ளி, வகை வெர்ட்டிக்கல் லைன். ஒரே படத்துக்குள்ள இருக்கிறதால நகர்வுப் பிசகு இதுல சேராது. இடப்பக்கம் ஒரு தூண், வலப்பக்கம் ஒரு தூண். சாய்ச்சு எடுத்திருந்தாலும் இதுல நிமிர்ந்துடும். பிறகு ஃபாஸ்ட் பிரிவியூவுல இழுத்து பிளவை நடுவுக்குக் கொண்டு வாங்க. நடு தப்பினா பாறை ஒரு பக்கம் உசரமா, ஒரு பக்கம் தாழ்ந்து வரும்.

வெளிச்சப் பட்டைக்குக் காரணம் ரெண்டு: ஆட்டோ எக்ஸ்போஷர், லென்ஸ் மூலை இருட்டு. முதலாவது அடுத்த தடவை வராது. ரெண்டாவதுக்கு ஃபோட்டோமெட்ரிக் ஆப்டிமைசர்ல லோ டைனமிக் ரேஞ்ச் ஓட்டுங்க. மிச்சத்தை, ஒட்டு தெரியாம கலக்குற என்பிளெண்ட் பார்த்துக்கும்.

கடைசியா கால்குலேட் ஆப்டிமல் சைஸ், வெளியீடு டிஃப். அகலம் 9200 பிக்சல் பக்கம் வரும்.

---

கற்சுவர்:

ரொம்ப நன்றி. 9200-ஐ ஆறடிக்கு வகுத்தால் அங்குலத்துக்கு 128 பிக்சல் வருகிறது. அச்சுக்கடையில் 200-க்கு மேல் கேட்கிறார்கள். நடந்துகொண்டே கிட்டத்தில் எடுத்தால் இன்னும் தெளிவாக வருமே, அதைச் செய்யலாமா? இன்னொன்று, முன்னால் ஆள் நடமாட்டம் ஓயவே ஓயாது. அதற்கு என்ன செய்வது?

---

தூக்குக்குண்டு பதில்:

பிக்சல் வேண்டுமானால் நடக்காதீர்கள், ஜூம் செய்யுங்கள். அதே 15 மீட்டரில் 35 மி.மீ. வைத்தால் முழு அகலம் 17,900 பிக்சல் பக்கம் வரும். ஆறடிக்கு அங்குலத்துக்கு 249. ஒரு ஷாட்டின் அகலம் 25 டிகிரியாகவும் உயரம் 37 டிகிரியாகவும் சுருங்கும், அதனால் இரண்டு வரிசை. கீழ் வரிசை மட்டமாக, 15 டிகிரிக்கு ஒன்றாக ஏழு ஷாட். மேல் வரிசை 25 டிகிரி சாய்த்து இன்னொரு ஏழு. வரிசைகளுக்கிடையே 12 டிகிரி ஓவர்லாப் கிடைக்கும், அதற்குக் கீழே போகாதீர்கள். ஜூம் வளையம் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், 35-இல் எந்தத் தடுப்பும் கிடையாது. குவியத்தூரம் கூடினால் பிசகும் பிக்சல் கணக்கில் அதே விகிதத்தில் கூடும், 5 செ.மீ. தடுமாற்றத்துக்கு நாகத்தில் 1 பிக்சல் வந்த இடத்தில் இப்போது 2. அச்சில் அது தெரியாது.

பதினான்கையும் இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஒரு மேகம் குறுக்கே போனால் மேனுவல் எக்ஸ்போஷர் இருந்தும் பட்டை விழும்.

---

அளவுகோல் பதில்:

நடந்து எடுப்பது பற்றி. செய்யலாம், ஆனால் இந்தப் பாறை அதற்குத் தோதானது அல்ல.

8 மீட்டரில் நின்று 18 மி.மீ.யில் எடுத்தால் ஒரு ஷாட்டில் 7 மீட்டர் அகலம் விழும். 3 மீட்டருக்கு ஒன்றாக நடந்தால் பதினோரு ஷாட். ஆனால் அரை மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் எதுவும் அடுத்தடுத்த இரண்டு ஷாட்டுக்குள் 100 பிக்சல் நகர்ந்துவிடும். ஒரு மீட்டருக்கு ஒன்று என்று குறைத்தாலும் 34. ஹ்யூகினில் பொசிஷன்ஸ் அண்ட் டிரான்ஸ்லேஷன் என்ற ஆப்டிமைசர் இதற்கென்றே இருக்கிறது, ஆனால் அது காட்சியைத் தட்டைச் சுவராக எடுத்துக்கொள்ளும். சுவரோவியம், சுண்ணாம்புச் சுவர், கல்வெட்டுப் பலகை என்றால் கச்சிதம். தபசுப் பாறையில் யானையும் பிளவும் கெடுத்துவிடும். கன்ட்ரோல் பாயின்ட்டைப் பாறையின் முன்முகத்தில் மட்டும் வைத்து, ஒட்டு வெறும் பாறை வழியாக ஓடும்படி மாஸ்க் (படத்தில் எந்தப் பகுதி வேண்டும், வேண்டாம் என்று குறிக்கும் எல்லை) வரைந்து ஒப்பேற்றலாம். ஒரு நாள் போய்விடும்.

ஓரத்திலும் நடுவிலும் ஒரே நுணுக்கம் வேண்டும், யானையை நேர் எதிரே பார்த்த மாதிரி வேண்டும் என்றால் அது ஒட்டுவேலை அல்ல, ஆர்த்தோ படம். முப்பரிமாண மாதிரி கட்டி அதை நேரெதிரே இருந்து பதிய வேண்டும். மெட்டாஷேப் காசு கொடுத்து வாங்குவது. மெஷ்ரூம் இலவசம், ஆனால் என்விடியா கார்டு கேட்கும். படங்களுக்கு 70, 80 சதவீத ஓவர்லாப், மூன்று உயரங்களில், பிளவுக்குள் இருபக்கமும் சாய்ந்து பார்க்கும் ஷாட்களும் சேர்த்து. இதற்கு நூலும் நாணயமும் எதிரி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடம் மாறியே ஆக வேண்டும். ஒரே இடத்தில் நின்று திரும்பி எடுத்ததைக் கொடுத்தால் ஆழம் கணிக்க முடியாமல் மாதிரியே உருவாகாது. ஒரு வழிக்கு எடுத்த படம் மற்ற வழிக்கு உதவாது.

கீழே இருந்து எடுப்பதால் மேல் பாகத்துச் சிற்பங்களின் தலைப்பக்கம் ஓட்டையாக வரும். அதற்கும் மருந்தில்லை, உயரம் வேண்டும்.

ஆறடி அச்சுக்கு 35 மி.மீ. இரண்டு வரிசையே போதும்.

---

ஒட்டுக்காரன் பதில்:

ஆள் நடமாட்டத்துக்கு: ஒவ்வொரு கோணத்துலயும் அசையாம நின்னு நாலைஞ்சு நொடி விட்டு மூணு ஷாட். வீட்டுக்கு வந்து, ஓவர்லாப்புக்குள்ள மட்டும் ஆள் விழுந்திருந்தா அந்த ஆளைச் சுத்தி மாஸ்க் தாவல்ல எக்ஸ்க்ளூட் ரீஜன் வரைங்க, பக்கத்துப் படத்துல இருந்து பாறை வந்து அடைச்சுக்கும். ஓவர்லாப்புக்கு வெளிய நின்னா அதே கோணத்து ரெண்டாவது ஷாட்டையும் ஏத்தி, ரெண்டுலயும் அவங்கவங்க ஆளை வெட்டிடுங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுலயும் கன்ட்ரோல் பாயின்ட் வேணும், இல்லைன்னா அந்தப் படம் அந்தரத்துல நிக்கும்.

மாஸ்க் வரையறப்ப நிழலையும் சேர்த்து வரைங்க. ஆள் போயிட்டு நிழல் மட்டும் பாறையடியில நிக்கிறது நிறைய பேர் படத்துல இருக்கு.

பாதி ஆள் மட்டும் ஓவர்லாப்புல இருந்தா தலைவலி அதுதான், ஒட்டு ஆளை நடுவால அறுக்கும். அப்ப வெட்டறதை விட்டுட்டு, ஆள் முழுசா இருக்கிற படத்துல இன்க்ளூட் ரீஜன் போட்டு ஆளை முழுசா வச்சுக்கங்க. பாறைக்கு முன்னால ஒருத்தர் நின்னா அளவு தெரியும், மோசமில்லை.

வேலிக்கும் இதே வைத்தியம். 35 மி.மீ.யில 5 செ.மீ. தடுமாறினா வேலியில 60 பிக்சல் நகர்வு வரும், அதைத் தானியங்கியா விடாதீங்க. கீழ் வரிசையில ஒட்டு எங்க விழணும்னு நீங்களே முடிவு பண்ணி, ரெண்டு தூணுக்கு நடுவுல கம்பி மட்டும் ஓடற இடத்துல வெட்டுங்க. படுக்கைக் கம்பி கொஞ்சம் வளைஞ்சா யாரும் பார்க்க மாட்டாங்க, தூண் ரெண்டானா உடனே தெரியும். சிற்பத்துக் கால் மறையாத உசரத்துல வேலி இருந்தா மொத்தமா கீழே வெட்டி எறிஞ்சுடலாம், ஆனா யானைக் காலடியில தவம் செய்யிற பூனையை வெட்டிடாதீங்க. அது ரொம்பக் கீழேதான் இருக்கு.